எதுக்கு வேணும், எதோடு ஒப்பிடுறீங்க?

கீரனூரில் பைப், மோட்டார் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, பிவிசி நல்லதா, கருப்பு ஓஸ் நல்லதா?" என்ற கேள்வி தினமும் வரும். ஒரே சொல்லில் பதில் சொல்லி வியாபாரத்தை முடிக்கலாம்தான். ஆனால் கடன் வாங்கி போர் போட்டவர் காசு அது. அதனால் எதுக்கு வேணும், வெயிலில் கிடக்குமா, மண்ணுக்குள் போகுமா, சுடுதண்ணி ஓடுமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வெயிலிலேயே கிடக்கும் பிவிசி நாளடைவில் நிறம் வெளுத்து, தட்டினால் தெறிக்கும். எச்டிபிஇ எனும் கருப்பு ஓஸில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலக் கலந்திருக்கும் கரித்தூள், புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஆனால் பத்து மீட்டர் ஓஸ், வெப்பம் 20 டிகிரி கூடினால் சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளும். பிவிசி ஒன்றரை சென்டிமீட்டர்தான் நீளும். பிவிசியைப் பசை தடவி ஒட்டலாம். ஓஸில் எந்தப் பசையும் பிடிக்காது, உருக்கியோ, திருகி இறுக்கும் இணைப்பான் போட்டோதான் இணைக்க வேண்டும்.

விலைக் கணக்கிலும் இதே சிக்கல்தான். இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டுவேன். பிவிசி அடியில் போய் உட்காரும், ஓஸ் மிதக்கும். ஒரே எடைக்கு ஒரே நீளம் கிடைக்காது என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். ஆகவே கிலோ விலையை ஒப்பிடக் கூடாது. ஒரே அழுத்தம் தாங்கும் ரகத்தில் மீட்டருக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கேள்வி, பிவிசிக்கும் சிபிவிசிக்கும் என்ன வித்தியாசம் என்பது. இரண்டும் ஒரே குடும்பம். பிவிசியில் எடைக்கு 57 சதவீதம் குளோரின், சிபிவிசியில் 63-க்கு மேல். அந்த ஒன்று மாறியதால்தான் சோலார் ஹீட்டர் தண்ணீரைச் சிபிவிசி தாங்குகிறது, பிவிசி இளகி வளைகிறது. ஒன்று மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒத்திருக்கும் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரம், தஞ்சைப் பெரிய கோயில் இரண்டில் எது பெரிது என்றால், 1010-இல் குடமுழுக்கு கண்ட 216 அடி விமானம் என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். கருவறை என்ன வடிவம் என்று கேட்டுப் பாருங்கள். நார்த்தாமலையில் வட்டம், தஞ்சையில் சதுரம். ஏன் என்ற கேள்வி தானாக வரும்.

மஞ்சப்பை விஷயத்திலும் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வோ, புவி வெப்பமாவதை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரே தடவை பயன்படும் மெல்லிய கேரி பேக்குக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. கண்மாய் மடையை அடைப்பது எது, மாட்டு வயிற்றுக்குள் போவது எது என்று கேட்டால் துணிப்பை முதல் நாளே ஜெயித்துவிடும். நான் மஞ்சப்பை பக்கம். ஆனால் தாம்பூலப் பையாக வந்து பீரோவில் அடுக்கிக் கிடப்பவை கடைக்கு வர வேண்டும்.

பள்ளிப் பட்டிமன்றத்துக்கு "இயற்கையா, பாலிமரா?" என்று தலைப்பு கொண்டுவந்தார்கள் சில பிள்ளைகள். பஞ்சே பாலிமர்தான், அரிசியில் உள்ள மாவுச்சத்தும் பாலிமர்தான் என்றதும் திகைத்துப் போனார்கள். இரண்டுமே குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மாவுச்சத்தில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருப்பதால் சங்கிலி சுருளும். பஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதால் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலாவதை வெட்டும் நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது, இரண்டாவதை வெட்ட நம் உடம்பில் எதுவும் இல்லை. அதனால் ஒன்று சோறு, மற்றது சட்டை.

"வைக்கோலும் அதே சங்கிலிதானே, மாடு எப்படித் தின்னுது?" என்றாள் ஒரு பெண். மாட்டாலும் தனியாக முடியாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்தச் சங்கிலியை அறுத்துக் கொடுக்கின்றன.