கற்பனையுலக நாவலாசிரியனும் வாசகரும்: ரொல்கீனின் எழுத்து வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

நாவலை ஆராயப் புகுவோர் நம்மிடையே பெரும்பாலும் யதார்த்த நாவலையே அளவுகோலாகக் கொள்வர். க. கைலாசபதி அவர்களின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்த காலந்தொட்டு, நாவலைச் சமுதாயத்தோடு பொருத்தி நோக்கும் முறை ஈழத்துத் திறனாய்விலே வேரூன்றியுள்ளது. அம்முறையால் நாம் அடைந்த பயன் பெரிது. ஆயினும் இல்லாத நாட்டையும் இல்லாத மாந்தரையும் படைத்து, அவற்றை உள்ளன போல் எழுதும் நாவல் வகை அம்முறையினுள் எளிதில் அடங்குவதில்லை. இதனைச் சிறுவர்க்குரியதென்று ஒதுக்குவாருமுளர். ஒதுக்குவதற்கு முன் இவ்வகை நாவலை எழுதுபவன் எவ்வாறு தொழில் செய்கிறான், அவனுக்கும் வாசகர்க்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கல் எத்தகையது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் தகும். அதற்கு ஏற்ற சான்றாக அமைபவர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892–1973). அவர் தம் வாசகர்க்கு எழுதிய கடிதங்களுள் ஒரு தொகுதி 1981இல் நூலாக வெளிவந்துள்ளமையால், பிற எழுத்தாளர் விடயத்தில் ஊகிக்கவேண்டியவற்றை இவர் விடயத்திற் சான்றுகொண்டு கூறமுடிகின்றது.

ரொல்கீன் தென்னாபிரிக்காவிலுள்ள புளூம்பொன்ரீனிற் பிறந்து, இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலும் அதன் அயலிலும் வளர்ந்தவர். (நமது கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றதும் பேர்மிங்காமிலேயே. ரொல்கீனோ பழைய ஆங்கில வீரயுகக் காவியமாகிய 'பேயோவுல்வ்' பற்றி 1936இல் ஆற்றிய சொற்பொழிவினாற் புகழ்பெற்றவர். இது தற்செயலான ஒற்றுமையேயெனினும் சுட்டத் தோன்றுகிறது.) முதல் உலகப்போரிலே 1916இல் சொம் போர்முனையிற் பணியாற்றி, நோயுற்றுத் திரும்பினார். பின்னர் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதிப் பணியில் அமர்ந்து சொற்பிறப்பு ஆராய்ந்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, 1925இல் ஒக்ஸ்போட்டிற் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1959இல் ஓய்வுபெறும்வரை அவர் தொழில் ஆசிரியத் தொழிலே. நாவல் எழுதுதல் அதனிடையே களவாகப் பெற்ற நேரத்தில் நிகழ்ந்த காரியமாகும்.

அக்காலத்துப் பேராசிரியரின் ஊதியம் நான்கு பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்துக்குத் தாராளமாகப் போதவில்லை. ஆதலின் கோடை விடுமுறைகளிற் பாடசாலைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி அவர் மேலதிக வருவாய் தேடினார். அவ்வாறு திருத்திய விடைத்தாளொன்றில் மாணவர் எழுதாது விட்டிருந்த பக்கத்திலேதான் 'ஹொபிற்' நாவலின் முதல் வாக்கியம் எழுதப்பெற்றது. ஹொபிற் என்பது யாது என்று அப்பொழுது தமக்கே தெரியாதென்று அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். சொல் முன்னே தோன்ற, அச்சொல்லுக்குரிய பொருளைத் தேடிச் சென்றமை மொழியியலாளர் ஒருவருக்கு இயல்பான வழியே. அவர் படைத்த கற்பனை மொழிகள் தொடர்பாகவும் இதுவே உண்மை. பின்னிஷ் மொழியின் ஓசையில் ஈடுபட்டு ஒன்றையும், வெல்ஷ் மொழியின் ஓசையில் ஈடுபட்டு மற்றொன்றையும் ஆக்கினார். அம்மொழிகளைப் பேசுதற்கு மாந்தரும், அம்மாந்தர் வாழ்தற்கு நாடும் வரலாறும் பின்னரே வேண்டப்பட்டன.

இனி, அவருக்கு வாய்த்த வாசகரை நோக்குவோம். முதல் வாசகர் அவருடைய பிள்ளைகள். ஆண்டுதோறும் நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் நத்தார்த் தாத்தா எழுதியனவாகப் படங்களுடன் கூடிய கடிதங்களை 1920 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கு எழுதிவந்தார். ஹொபிற்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையே. அது பதிப்பாளரான ஸ்ரான்லி அன்வினிடம் சென்றபோது, சிறுவர் நூலைச் சிறுவரே மதிப்பிடவேண்டுமெனக் கருதிய அவர், பத்து வயதினனான தம் மகன் றேனரிடம் அதனைக் கொடுத்து, மதிப்பீட்டுக்குக் கூலியாக ஒரு சிலிங் வழங்கினார். சிறுவனின் கருத்து சாதகமாயிருந்தது. 1937 செப்டெம்பர் 21ஆந் திகதி 1,500 பிரதிகளுடன் வெளிவந்த நூல் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது.

பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். 1937 டிசெம்பரில் ரொல்கீன் எழுதத் தொடங்கிய அத்தொடர்ச்சியே 'த லோட் ஒப் த றிங்ஸ்' எனப்படும் பெருநாவல். மோதிரங்களின் தலைவன் என்று அதனை நாம் பெயர்க்கலாம். சிறு நூலொன்றாக எண்ணித் தொடங்கியது முற்றுப்பெறப் பன்னிரண்டாண்டுகள் சென்றன. போர்க்காலத்திற் கடதாசி அருமையாயிருந்தமையாற் பழைய விடைத்தாள்களின் பின்புறங்களிலும் எழுதினார். சுரங்க நகரொன்றிற் கல்லறையருகே கதைமாந்தர் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய ஓராண்டு எழுத்து நின்றுபோயிற்று. தட்டெழுத்தாளருக்குக் கொடுக்கப் பணமின்மையால் முழுப் பிரதியையும் தாமே தட்டெழுதினார்.

இந்நீண்ட காலத்தில் அவரைத் தளராது காத்தவர்கள் சிலரே. ஒக்ஸ்போட் மக்டலின் கல்லூரியில் சி. எஸ். லூயிசின் அறையில் வியாழன் இரவுகளிற் கூடிய நண்பர் குழுவில் அத்தியாயங்கள் உரக்க வாசிக்கப்பட்டன. 1944இல் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்கா சென்றிருந்த மூன்றாவது மகன் கிறிஸ்தோபருக்கு அத்தியாயங்கள் தபாலில் அனுப்பப்பட்டன. ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பது நாமறிந்த செய்தி. இங்கோ ஒரே ஒருவர் காத்திருந்தார். அவ்வொருவர் பொருட்டு எழுத்து முன்னேறியது. மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், கதையிற் சந்திரன் தோன்றும் நாள்கள் பிழைத்துப் போனமையால் முன்னைய அத்தியாயங்களைத் திருத்த நேர்ந்ததென்று தந்தை முறையிடுகிறார். வெவ்வேறு திசைகளிற் பிரிந்து செல்லும் மாந்தர் ஒரே இரவில் ஒரே பிறையைக் காணவேண்டுமன்றோ?

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1939இல் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றி, 1947இல் கட்டுரையாக வெளியிட்ட சொற்பொழிவில், கற்பனையுலகைப் படைப்போன் ஒரு துணைப் படைப்பாளன் என்று ரொல்கீன் வாதிட்டார். வாசகன் பொய்யென்று அறிந்தும் நம்புவதாகப் பாவனை செய்கிறான் என்ற பழைய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. படைக்கப்பட்ட உலகம் தன் விதிகளுக்கு முரண்படாதிருக்குமாயின், அதனுள் நிற்கும்வரை வாசகன் அதனை மெய்யாகவே நம்புகிறான். முரண்பாடு தோன்றிய கணமே மயக்கம் கலைந்துவிடுகிறது என்பது அவர் கொள்கை. யதார்த்த நாவலாசிரியனுக்கு உலகம் துணை செய்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு எத்தனை மைல் என்று அவன் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. கற்பனையுலக நாவலாசிரியனோ தூரத்தையும் பருவத்தையும் தானே வகுத்து, வகுத்ததற்குத் தானே கட்டுப்பட வேண்டியவனாகிறான். இவ்வகை எழுத்து கட்டற்ற கற்பனை என்று நம்மிடையே கூறப்படுவது பொருந்தாதென்பதே எம் கருத்து.

நாவல் முற்றுப்பெற்ற பின்னும் வெளியீடு எளிதாயிருக்கவில்லை. போருக்குப் பிந்திய கடதாசி விலையைக் கண்டு பதிப்பாளர் தயங்கினர். 1952இல் முடிவெடுத்தவர், முன்னர் ஒரு சிலிங் பெற்ற அதே றேனர் அன்வின். ஆயிரம் பவுண் நட்டம் வரக்கூடுமென்று கணக்கிட்டும் தந்தையின் இசைவுடன் அவர் அதனை ஏற்றார். அச்சுச் செலவு மீளும்வரை ஆசிரியருக்கு ஒன்றுமில்லை, மீண்டபின் இலாபத்திற் பாதி என்பது ஒப்பந்தம். மூன்று பாகங்களாக 1954 யூலையிலும் நவம்பரிலும் 1955 ஒக்டோபரிலும் நூல் வெளிவந்தது. 1956இல் ஆசிரியர் பெற்ற முதற் கொடுப்பனவு அவருடைய ஆண்டுச் சம்பளத்தையும் விஞ்சியதென்பர்.

மூன்றாம் பாகம் தாமதித்தமைக்குக் காரணம் அதன் பின்னிணைப்புகள். அரச வமிசங்கள், நாட்காட்டிகள், எழுத்துமுறைகள், மொழிகள் என விரியும் அப்பகுதியை முடிக்க ஆசிரியர் தடுமாற, இரண்டாம் பாகத்தின் முடிவில் கதாநாயகன் பகைவர் கையிற் சிக்கியிருக்க விடப்பட்ட வாசகர் பொறுமையிழந்து கடிதம் எழுதினர்.

அது தொடக்கமே. கதையைக் கதையாக வாசித்தவர்களைவிட, அவ்வுலகை ஆராயத் தலைப்பட்டவர்களே ஆசிரியரைப் பெரிதும் ஆட்கொண்டனர். ஒருவர் மரஞ்செடிகளின் விவரம் கேட்டார். வேறொருவர் சொல்லிலக்கணம் கேட்டார். நாவலின் பாத்திரமொன்றின் பெயரைத் தம் இயற்பெயராகக் கொண்ட இலண்டன்வாசியொருவர் 1956இல் வியப்புடன் எழுத, ஆசிரியர் மகிழ்ந்து மூன்று பாகங்களிலும் கையொப்பமிட்டு அவருக்கு அனுப்பினார். நாவலிற் கூறப்படும் தீய மோதிரத்தின் வாசகம் பொறித்த உருக்குக் கிண்ணமொன்றை இன்னொருவர் பரிசாக அனுப்பினார். அதிற் பருக மனம் ஒவ்வாத ரொல்கீன் அதனைப் புகையிலைச் சாம்பல் தட்டப் பயன்படுத்தினாராம்.

கடினமான கேள்விகளும் வந்தன. 1954இல் ஒக்ஸ்போட் நகரிற் புத்தகக் கடை நடத்திய ஒருவர், துணைப் படைப்பாளனுக்குரிய எல்லையை ஆசிரியர் மீறிவிட்டாரா என்று வினவினார். தீமை உயிரைப் படைக்க வல்லதா, இறந்தோர் மீளப் பிறத்தல் கூடுமா என்றவாறு சமயத் தத்துவத்தைத் தொட்டன அவர் ஐயங்கள். ரொல்கீன் பல பக்கங்களில் விடை வரைந்தார். பின்னர், தம்மைத் தாமே மிகையாக மதிப்பது போலத் தோன்றுகிறதென்று கருதி அதனை அனுப்பாது வைத்துக்கொண்டார். இவ்வாறு அனுப்பப்படாத வரைவுகள் கடிதத் தொகுதியிற் பலவுள. அவருடைய சிந்தனையை அறிய விரும்புவோர்க்கு, அனுப்பிய கடிதங்களிலும் இவையே சிறந்த மூலங்களாகும்.

வாசகர் உறவின் பயன் 1965இல் எதிர்பாராத முறையில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் 'ஏஸ் புக்ஸ்' நிறுவனம் ஆசிரியரின் அனுமதியின்றி நாவலைப் பாகமொன்று 75 சதம் விலையில் மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பிறநாட்டில் அச்சிட்ட தாள்களை ஒரு வரையறைக்கு மேல் இறக்குமதி செய்தால் உரிமைப் பாதுகாப்புப் பறிபோகுமென்றும், ரொல்கீனின் அமெரிக்கப் பதிப்பாளர் அவ்வரையறையைக் கடந்துவிட்டனரென்றும் அந்நிறுவனம் வாதிட்டது. (1992இல் அமெரிக்க நீதிமன்றமொன்று பதிப்புரிமை செல்லுபடியாகுமென்றே தீர்த்தது. அன்று நிலை தெளிவாயிருக்கவில்லை.) அனுமதி பெற்ற 'பலன்ரைன்' பதிப்பு திருத்தங்களுடன் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. அதன் விலை 95 சதம். இருபது சதம் கூடிய நூலை மக்கள் ஏன் வாங்குவர்?

ரொல்கீன் வழக்காடவில்லை. அமெரிக்க வாசகருக்கு எழுதிய பதில்களில், மலிவுப் பதிப்பு தம் அனுமதியின்றி வந்ததென்றும் நண்பர்க்கு இதனைத் தெரிவிக்குமாறும் குறிப்பொன்றைச் சேர்த்து வந்தார், அவ்வளவே. அதுகாறும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பொறுமையுடன் பதிலிறுத்தமையால் அவருக்காக வாதாட ஆயத்தமான ஒரு கூட்டம் அங்கே உருவாகியிருந்தது. அவர்கள் மலிவுப் பதிப்பை வாங்க மறுத்ததோடு, கடைக்காரரிடம் அதனை அகற்றுமாறும் கேட்டனர். அறிவியற் புனைகதை எழுத்தாளர் சங்கமும் குரல்கொடுத்தது. 1966இன் தொடக்கத்தில் ஏஸ் நிறுவனம் ஆசிரியருக்கு உரிய பணத்தைக் கொடுக்கவும், கையிருப்பு முடிந்தபின் மறுபதிப்பிடாதிருக்கவும் உடன்பட்டது. சட்டம் ஐயத்துக்கிடமாயிருந்தவிடத்து, தபால் முத்திரைகளினால் ஈட்டிய நல்லெண்ணம் ஆசிரியரைக் காத்தது. பதிப்புரிமை பற்றி நம் எழுத்தாளர் அடிக்கடி மனங்குமுறும் இந்நாட்டில் இந்நிகழ்ச்சி சிந்தித்தற்குரியது.

எனினும் இவ்வுறவுக்கு விலையும் இருந்தது. பிணக்கினாற் பெற்ற விளம்பரம் நாவலை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களெங்கும் பரப்பிற்று. நேரவேறுபாட்டை எண்ணாத வாசகர் கலிபோணியாவிலிருந்து நள்ளிரவு கடந்து தொலைபேசியில் அழைத்தனர். முன்னறிவிப்பின்றிப் பலர் வீட்டு வாயிலில் நின்றனர். 1968இல் தம்பதியினர் போண்மத் கடற்கரை நகருக்குக் குடிபெயர்ந்தபோது முகவரியும் தொலைபேசி எண்ணும் மறைத்து வைக்கப்பட்டன. கடிதங்களைப் பதிப்பக அலுவலரே முதலிற் பார்த்தனர்.

இளமை தொட்டு அவர் உயிர்போற் பேணிய நூல் 'சில்மறிலியன்'. நாவலுக்கு முந்திய யுகங்களின் புராணம் அது. ஓய்வுபெற்றபின் பதினான்கு ஆண்டுகள் இருந்தும் அதனை அவர் முடிக்கவில்லை. வாசகர் கடிதங்களே நேரத்தை விழுங்கின என்று கூறுவோருளர். இக்கூற்று ஓரளவே உண்மை. மனைவியின் உடல்நலக் குறைவும், எதனையும் மீண்டும் மீண்டும் திருத்தும் அவரது இயல்பும் கருதத்தக்கன. எமக்கு வேறொரு காரணமும் புலப்படுகிறது. நாவலின் வாசகர் அவ்வுலகைச் சரித்திரம் போலக் கொண்டு வினவ, ஆசிரியரும் அதனைச் சரித்திரமாகவே சோதிக்கத் தொடங்கினார். தட்டையான பூமியும், மரத்தின் கனியிலிருந்து தோன்றிய சூரியனும் இளமையிற் புராண அழகாய்த் தோன்றியவை. 1950களின் பிற்பகுதியில் அவை அறிவுக்கு ஒவ்வாதனவாக அவரை உறுத்தின. அடித்தளத்தையே மாற்றியமைக்க முயன்று எழுதிய குறிப்புகள் 1993இல் அச்சேறியுள்ளன. ஒருபால் ஐயம் வினவிய வாசகர், மறுபால் ஐயுறக் கற்ற ஆசிரியர் என்ற இவ்விருவரிடையே புராணம் முடிவுறாது நின்றது.

1973 செப்டெம்பர் 2ஆந் திகதி ரொல்கீன் காலமானார். போர்க்காலத்திற் கடல்கடந்து அத்தியாயங்களைப் பெற்று வாசித்த மகன் கிறிஸ்தோபர், முன்பின் முரணான கையெழுத்துப் பிரதிகளை இணைத்து 1977இற் சில்மறிலியனை வெளியிட்டார். அதன்பின் ஒக்ஸ்போட்டிற் தாம் வகித்த பதவியை விட்டிருந்த நிலையில், எஞ்சிய வரைவுகளை 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2020இல் தாம் மறையும்வரை, தந்தையின் முதல் வாசகருள் ஒருவரான அவரே அவற்றின் பதிப்பாசிரியராகவும் உரையாசிரியராகவும் விளங்கினார்.