டிக்கி அதிர்ந்தால் போதுமா?

‘இளைய நிலா’ பாட்டை உங்கள் காரில் ஒருமுறை போடுங்கள். எஸ்.பி.பி.யின் குரலையும் கிட்டாரையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, அடியில் பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். 1982-ல் வந்த படத்தின் பாட்டு. அதில் பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்கவில்லை. தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சுரமும் எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது என்று காதுக்குப் பிடிபட்டால் உங்கள் சப்-ஊஃபர் சரியாக அமைந்திருக்கிறது. எல்லாச் சுரமும் ஒரே ‘தொம் தொம்’ ஆகக் கேட்டால், எத்தனை ஆயிரம் வாட்ஸ் போட்டிருந்தாலும் பாட்டில் பாதி உங்களுக்கு வந்து சேரவில்லை.

சென்னையில் கார் அலங்காரப் பொருட்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். “அண்ணே, டிக்கி அதிரணும்ணே” என்று கேட்டுத்தான் பல இளைஞர்கள் வருகிறார்கள். கடைக்காரர் எடுத்து வைக்கும் அட்டைப்பெட்டியில் ‘1200 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அது ஒரு நொடிகூட நீடிக்காத உச்சக் கணக்கு. தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற பெயரில் உள்ளே இருக்கும் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் வெளியே போட்டதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். பேரம் பேசுவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

அந்த எண்ணும் நாம் நினைப்பதுபோல வேலை செய்வதில்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ‘கொஞ்சம் ஏறியிருக்கிறது’ என்று தோன்றும் அளவு. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 300 வாட்ஸுக்குப் பதில் 600 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்க இரட்டைப் பணம் கொடுப்பவருக்குக் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான்.

அப்படியானால் சப்-ஊஃபரே வேண்டாமா? கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. நம் காது ஆழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது மற்ற ஒலிகளைவிட பேஸ்தான் முதலில் காணாமல் போகும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தத்தைக் கொடுக்க ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். கதவில் இருக்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. கேட்டால் அது திணறும், திணறும்போது குரலும் கெடும். நல்ல சப்-ஊஃபர் வைத்த காரில் முதலில் தெளிவது பாடகரின் குரல்தான்.

என்ன சைஸ் வாங்குவது? 12 இன்ச் ‘லேட்’, 8 இன்ச் ‘ஃபாஸ்ட்’ என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். இழுவையான பேஸுக்குப் பெரும்பாலும் பெட்டியும் செட்டிங்கும்தான் காரணம். சின்னக் கார், டிக்கியில் காய்கறிப் பையும் பள்ளிக்கூடப் பையும் வைக்க வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப் சேர்ந்த 8 இன்ச் வகை போதும். வீட்டை அதிரவைக்காது; பாட்டை நிறைக்கும். டிக்கியில் கொஞ்சம் இடம் விட முடிந்தால் ஒரு நல்ல 10 இன்ச் அல்லது 12 இன்ச்.

பெட்டிதான் உண்மையான தேர்வு. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்த கணக்கின்படிதான் இன்றும் உலகம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு சப்-ஊஃபருக்கும் அதற்கேற்ற கன அளவு உண்டு. கம்பெனியே கையேட்டில் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல், மூலையில் கிடக்கும் ரெடிமேட் பெட்டியில் எந்த ஸ்பீக்கரையும் திருகி மாட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலான ‘தொம் தொம்’களுக்குக் காரணம்.

ஓட்டை இல்லாமல் மூடிய சீல்ட் பெட்டி, காற்றுக்குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி என்று இரண்டு வகை. போர்ட்டட் பெட்டி அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தரும். ஆனால் குழாய் எந்த அலைவரிசைக்கு அமைந்திருக்கிறதோ அதைச் சுற்றித்தான் அந்தத் தூக்கல். அதற்குக் கீழே சத்தம் சட்டென்று சரியும், கோனும் கட்டுப்பாடில்லாமல் ஆடும். சீல்ட் பெட்டியில் சத்தம் குறைவு, சரிவு மெதுவானது. இங்கே கார் நமக்கு ஓர் உதவி செய்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் எட்டரை மீட்டர்; காரின் உட்புறம் மூன்று மீட்டர்கூட இருக்காது. அலை விரிய இடமில்லாததால் உள்ளே காற்றழுத்தம் கூடி, ஆழ்ந்த பேஸ் தானாகவே ஏறுகிறது. சீல்ட் பெட்டி இழப்பதைக் காரின் கூடு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ராஜா, ரஹ்மான், கர்நாடக சங்கீதம் என்று எல்லாம் கேட்பவருக்கு நான் சீல்ட் பெட்டியைத்தான் சொல்வேன். குத்துப்பாட்டும் இ.டி.எம்.மும் மட்டும் போதும் என்பவர் சரியாகக் கணக்கிட்டுக் கட்டிய போர்ட்டட் பெட்டிக்குப் போகலாம்.

சத்தம் மட்டுமே குறிக்கோள் என்றால் அதற்கும் ஓர் உலகம் இருக்கிறது. அமெரிக்காவில் வேய்ன் ஹாரிஸ் தொடங்கிய ‘டிபி டிராக் ரேசிங்’ போட்டியில் டெசிபல் மீட்டர் காட்டும் எண்தான் வெற்றி. உச்சப் பிரிவு வண்டிகள் 180 டெசிபலைத் தாண்டியிருக்கின்றன. அளக்கும்போது உள்ளே ஆள் உட்கார முடியாது. ஐரோப்பாவில் தோன்றிய எம்மா போட்டியின் ஒலித்தரப் பிரிவிலோ நடுவர் காருக்குள் உட்கார்ந்து பாட்டைக் கேட்டு மார்க் போடுகிறார். நாம் தினமும் ஓட்டும் காருக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

பொருள் வாங்கியாயிற்று, இனி ஃபிட்டிங். 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப் முழுவேகத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு அசல் செம்பு வயர் வேண்டும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த மலிவு வயர் அதே தடிமனில் அவ்வளவு மின்சாரம் தாங்காது. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்தால் தீப்பிடிக்கும் ஆபத்து. புது வண்டி என்றால் ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள், வாரண்டி தகராறுக்கு வாய்ப்பு குறையும்.

ட்யூனிங்கில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஆம்ப்பில் இருக்கும் ‘கெய்ன்’ திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கல்ல. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கு. அதை முழுசாகத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டு கரகரத்து, கடைசியில் ஸ்பீக்கரின் காயில் கருகும். சப்-ஊஃபரை 80 ஹெர்ட்ஸுக்கு மேல் பாடவிடாமல் நிறுத்துங்கள். கதவு ஸ்பீக்கர்களை அதே 80-க்குக் கீழே இறங்கவிடாமல் நிறுத்துங்கள். பிறகு ஃபேஸ் சுவிட்ச். நீங்கள் டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்காருங்கள், ஒருவர் பின்னால் அந்தச் சுவிட்சை 0-விலும் 180-லும் மாற்றி மாற்றிப் போடட்டும். ஒரு பக்கத்தில் பேஸ் மெலிந்து டிக்கியில் கிடக்கும். மறுபக்கத்தில் அது திரண்டு, டேஷ்போர்டுக்கு மேலே, பாடகரின் பக்கத்தில் வந்து நிற்கும். காசே செலவில்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

நின்ற வண்டியில் கேட்டு முடிவு செய்யவும் கூடாது. ஓடும்போது டயர் இரைச்சல் பேஸையே முதலில் விழுங்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். பேஸைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நாப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நம்பர் பிளேட் கடகடவென்று ஆடினால் பின்னால் ஃபோம் ஒட்டுங்கள். கதவுகளுக்கு டேம்பிங் ஷீட் போடுங்கள்.

காதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு இது. தெருவுக்கும் வரம்பு உண்டு: 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. ஆழ்ந்த பேஸ் சுவரைத் தாண்டிப் போகும். தூங்கும் குழந்தையை எழுப்புவது அதுதான்.

ஆகவே, ஒதுக்கி வைத்திருக்கும் பணம் முழுவதையும் சப்-ஊஃபரிலும் ஆம்ப்பிலும் கொட்டிவிடாதீர்கள். பாதியை முன்கதவு ஸ்பீக்கருக்கும், சரியான பெட்டிக்கும், டேம்பிங்குக்கும், செம்பு வயருக்கும், பொறுமையாக ட்யூன் செய்து தரும் மெக்கானிக்கின் கூலிக்கும் எடுத்து வையுங்கள்.