பணக்கார நாட்டில் யாருக்குச் சுகம்?

திருவாரூர் – மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர். சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள், அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பளிங்குத் தரை, தேக்குக் கதவு. பல வீடுகளில் உள்ளே இருப்பது வயதான பெற்றோர் மட்டும். காசு வந்துவிட்டது, சுகம் வந்ததா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. பணக்கார நாடுகளே இந்தக் கேள்வியோடு ஐம்பது வருடமாக மல்லுக்கட்டுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானம் ஏறிய அளவுக்கு மகிழ்ச்சி ஏறவில்லை என்று பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் எழுதினார். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால், இல்லாதவன் கையில் சேரும் நூறு ரூபாய் தரும் நிம்மதியை இருப்பவனுக்கு அதே நூறு ரூபாய் தராது. இதில் பெரிய சண்டை இல்லை.

உலக மகிழ்ச்சி அறிக்கை ஓர் ஏணியைக் காட்டுகிறது. அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கிறது. 2018 முதல் 2025 வரை பின்லாந்துக்கே முதலிடம். அதைவிடப் பணம் புரளும் அமெரிக்கா 2025-இல் 24-ஆவது. பின்லாந்துக்காரர்கள் கலகலவென்று பேசிச் சிரிக்கிறவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால், நோய் வந்தால் வீட்டை விற்க வேண்டாம், வேலை போனாலும் அரசு தாங்கும், தொலைந்த பர்ஸ் திரும்பி வரும் என்ற தைரியம் அவர்களுக்கு இருக்கிறது. அமெரிக்காவிலோ, முந்தின நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாக 2023-இல் ஏறக்குறைய நாலில் ஒருவர் சொன்னார். பந்தி வைத்துப் பழகிய நமக்கு இதுவே பெரிய தண்டனை.

நமக்குப் பழக்கமான சிங்கப்பூருக்கு வருவோம். குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள்; முதுமைக்கு மத்திய சேமநிதி இருக்கிறது. அந்த மாடிகளைக் கட்ட ‘வொர்க் பெர்மிட்’டில் போன நம்மூர்ப் பையனுக்குச் சேமநிதி கிடையாது, மனைவி மக்களைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது, படுக்கை பெரும்பாலும் தொழிலாளர் விடுதியில். 2020-இல் அங்கே கொரோனா கட்டுக்கடங்காமல் பரவியது அந்த விடுதிகளில்தான். நாடு எவ்வளவு பணக்கார நாடு என்பதைவிட, அந்தப் பணத்தின் பாதுகாப்புக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்பதே உங்கள் நலத்தைத் தீர்மானிக்கிறது.

வீட்டில் யாராவது சிங்கப்பூருக்குக் கிளம்பினால் சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்தாதீர்கள். சம்பளம், பிடித்தம் எல்லாம் எழுதிய ஐ.பி.ஏ. (கொள்கை அளவிலான ஒப்புதல்) கடிதத்தைத் தொழிலாளியின் தாய்மொழியில், புறப்படும் முன்பே முதலாளி அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி. 2023 ஜூலை முதல், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதும் முதலாளியின் பொறுப்பு. அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படிக்காமல் ஏஜெண்ட் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.