கார் அதிகம் ஓடலை... ஆனாலும் சஸ்பென்ஷன் போயிடுச்சா? கடலோரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். மற்ற நாட்களில் கவர் போட்டு வாசலில் நிற்கும். ஆனாலும் ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக்'கென்று ஒரு சத்தம்.

ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்வார்: "புஷ் எல்லாம் வெடிச்சிருக்கு அண்ணாச்சி. ஷாக்கும் லீக் ஆகுது." கார்க்காரருக்கு நம்பிக்கை வராது. "வண்டி ஓடவே இல்லையேப்பா?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கடலோர ஊர்களில் சஸ்பென்ஷன் தேய்மானத்தை கிலோமீட்டரை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது, வருஷத்தையும் பார்க்கணும். அதிலும் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. ஏன் அப்படி? எந்த பாகத்தை எப்போது மாற்ற வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சஸ்பென்ஷனில் என்னென்ன இருக்கு?

பலர் சஸ்பென்ஷன் என்றாலே ஷாக் அப்சார்பர் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பாகம் மட்டுமே. காரின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் தொடர்ந்து குதிக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் போகும்போது ஏற்படும் தடைதான் அந்த வேலையைச் செய்கிறது.

சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். ஸ்டியரிங்கோடு சேரும் இடத்தில் டை ராடு எண்ட். வளைவில் கார் சாயாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார், அதை இணைப்பது சிறிய லிங்க். ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு ரப்பர் மவுண்ட்.

இதில் விலை குறைந்தவை ரப்பர் புஷ், லிங்க், மவுண்ட். முதலில் போவதும் பெரும்பாலும் இவைதான்.

எடை குறைந்த கார் என்றால் ஏன் கூடுதல் கவனம்?

ஒரு சின்னக் கணக்கு. 900 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் விழும் எடை சராசரியாக 225 கிலோ. 1,800 கிலோ எஸ்யூவியில் அது 450 கிலோ. எடை பாதி என்பதால் லேசான காரின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தர வேண்டிய விசையும் ஏறக்குறைய பாதிதான்.

ஆனால் துருப்பிடித்து இறுகிப்போன ஒரு ஜாயிண்டின் உராய்வு, கார் லேசானது என்பதற்காகக் குறையாது. கனமான வண்டியில் தெரியாமல் போகும் அந்த இறுக்கம், லேசான காரில் நன்றாகத் தெரியும். சின்ன மேடு பள்ளத்தை உள்வாங்காமல் கார் தத்தித் தத்திப் போகும். டயர் ஒரு கணம் சாலையை விட்டு எழும்பினாலும் அந்தக் கணத்தில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பிடி கிடையாது. சொகுசு குறைவதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

1989-ல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 கார் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் பெரிய என்ஜின் அல்ல. ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடையும், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அமைந்த டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனும்தான். அப்படிப்பட்ட காரில் புஷ் தேய்ந்து ஆர்ம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட சக்கரத்தின் கோணம் மாறிவிடும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். வாங்கியபோது இருந்த காரா இது என்று தோன்றும்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

தூத்துக்குடியில் கடல் மட்டுமல்ல, முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை என்று சாலையோரம் எங்கும் உப்பளங்கள். காற்றில் வரும் நுண்ணிய உப்பு காரின் அடிப்பகுதியில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் இரவில் உங்கள் காரின் அடியில் உப்புத் தண்ணீர் படலம் இருக்கும். ஓடாமல் நிற்கும் காரில் அது காயவும் நேரமாகும். காற்று புகாத பிளாஸ்டிக் கவர் போட்டால் இன்னும் மோசம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். உப்பு ரப்பரைத் தின்பதில்லை. ரப்பரைக் கெடுப்பது வெயிலும் வருஷமும்தான். ஆனால் புஷ்ஷுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இரும்புக் குழாயை உப்பு அரிக்கும். துரு வீங்கும்போது ரப்பர் இரும்பை விட்டுப் பிரியும். உள்ளே இருக்கும் போல்ட் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். கடலோர ஒர்க்‌ஷாப்களில் பாதி நேரம் போவது இந்த போல்ட்டைக் கழற்றத்தான்.

ஷாக்கின் பளபளப்பான கம்பியில் துருப்புள்ளி விழுந்தால், அது மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீலை அறுக்கும். பிறகு கசிவு. காயில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் மண்ணும் ஈரமும் தங்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துருக்குழி விழுந்து, அங்கிருந்து விரிசல் ஓடி, ஒரு நாள் ஸ்பிரிங் உடையும்.

எந்த சத்தம், எந்த பாகம்?

சின்னச் சின்ன மேடுகளில் 'டொக் டொக்' என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு தட்டு கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். மேடு தாண்டியபின் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் ஷாக்.

இதெல்லாம் முதல் சந்தேகம்தான். லிஃப்டில் ஏற்றி, கம்பி வைத்து நெம்பிப் பார்த்துத்தான் உறுதி செய்யணும். சத்தத்தை மட்டும் கேட்டு "எல்லாத்தையும் மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், எந்த பாகம் ஆடுகிறது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரே ஒரு பாகத்தில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அது பால் ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

ஷாக் மட்டும் மாத்தினா போதுமா?

போதாது. வெடித்த புஷ்ஷோடு புது ஷாக் போட்டால், சக்கரம் மேலும் கீழும் ஆடுவது அடங்கும், முன்னும் பின்னும் ஆடுவது அப்படியே இருக்கும். காசு செலவழித்தும் கார் சரியாகவில்லையே என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பழைய காரில் ஷாக்கைக் கழற்றும்போதே மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் மாற்றுவது லாபம். பாகத்தின் விலையைவிட கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம், அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் எப்போதும் ஜோடியாக மாற்றணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் கார் வளைவில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

'கெட்டியான பாலியூரிதேன் புஷ் போட்டா ரேஸ் கார் மாதிரி இருக்கும்' என்று சொல்வார்கள். ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகும், உண்மைதான். அதிர்வும் கிறீச் சத்தமும் கூடவே வரும். சாலையில் ஓட்டும் காருக்கு கம்பெனி அளவிலான ரப்பர் புஷ்ஷே போதும்.

மாற்றும்போது நடக்கும் பெரிய தப்பு எது?

கார் ஜாக்கில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்குவது. ரப்பர் புஷ் உருளுவதில்லை, முறுக்கித்தான் நகர்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். போல்ட்டை லேசாக மாட்டிவிட்டு, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச் வைத்து சொன்ன அளவுக்கு இறுக்கணும்.

காயில் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும்.

பாகமே கிடைக்காத கார் என்றால்?

இந்தியாவிலேயே தயாரான லேசான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு உதாரணம், 1990-களின் இறுதியில் வந்த சான் ஸ்டார்ம். ஃபைபர் கிளாஸ் பாடி, 1.2 லிட்டர் ரெனோ என்ஜின். இப்போது உற்பத்தியில் இல்லை. இப்படிப்பட்ட காரில் பாடி துருப்பிடிக்காது என்பதே ஒரு ஏமாற்று. வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் போல்ட்டும் இரும்புதானே?

உற்பத்தி நின்ற கார்களுக்கு பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். புஷ்ஷின் வெளி விட்டம், உள் விட்டம், நீளம் மூன்றையும் அளந்தால் வேறு கார்களின் புஷ் பொருந்துமா என்று தேடலாம். ஷாக்கில் முழு நீளம், சுருங்கிய நீளம், மாட்டும் முனை மூன்றும் முக்கியம்.

ரேஸ் டீம்களிடம் கற்க வேண்டியது

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி என்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள்தான் நம்ம ஊர் இளைஞர்களுக்கு ரேஸைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்தன. நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். 1995-ல் மறைந்த கரிவரதனின் பெயரில், 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது.

ரேஸ் காரில் பாகம் உடையட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஜாயிண்டையும் ஆட்டிப் பார்ப்பார்கள். இறுக்கிய போல்ட்டில் பெயிண்ட் கோடு போட்டு வைத்தால், அது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த உடனே தெரியும். அதே பழக்கத்தை நாமும் ஆறு மாசத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், செய்யலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியாது. மாவட்டம் முழுக்க வெள்ளம் சூழ்ந்தது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகளில் என்ஜினையும் சீட்டையும் சரிசெய்தவர்கள், பால் ஜாயிண்ட்டையும் வீல் பேரிங்கையும் பார்த்தார்களா என்பது கேள்வி. அங்கே புகுந்த சேறு மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். இந்தப் பகுதியில் பழைய கார் வாங்குபவர்கள் அடிப்பகுதியைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

தினசரி பராமரிப்புக்கு என்ன வழி?

மாதம் ஒரு முறையாவது அடிப்பகுதியையும் சக்கர வளைவின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசின மாதிரிதான். கடைசி அலசலுக்காவது இரண்டு வாளி தாமிரபரணித் தண்ணீர் வையுங்கள். பால் ஜாயிண்ட் உறைமேல் அதிக அழுத்தத்தில் அடிக்க வேண்டாம். கவர் போடுவதாக இருந்தால் காற்று புகும் துணி கவர் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில், புஷ்ஷும் ஷாக்கும் எந்த வருஷம் மாட்டியது என்றும் எழுதி வையுங்கள். அடுத்த முறை 'டொக்'கென்று கேட்டால், எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.