மாம்பழத்துக்கு மூச்சு வேண்டும், பால்கோவாவுக்கு வேண்டாம்

சித்திரை, வைகாசியில் ராஜபாளையம் மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இறங்கும். வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தெரிந்த வியாபாரிக்கோ அனுப்பும்போது, கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் பிரித்தால் உள்ளே முத்து முத்தாக நீர், பழத்தில் புளித்த வாடை. பழிச்சொல் தோப்புக்காரருக்கு. உண்மையில் கெடுத்தது பைதான்.

பறித்த பிறகும் மாங்காய் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் சூட்டையும் வெளியே விடுகிறது. கட்டிய பைக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு கள் புளிப்பதுபோலப் பழத்துக்குள் சாராயச் சத்து உருவாகிறது. வாடை அங்கிருந்துதான் வருகிறது.

பாலித்தீனில் ஓட்டை இல்லையே, காற்று எப்படிப் போய்வரும் என்று தோன்றலாம். போகும். வாயு, தாளின் ஒரு பக்கத்தில் கரைந்து, உள்ளே மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெளியேறுகிறது. அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு. 1831-ல் அமெரிக்க மருத்துவர் மிட்செல், ரப்பர் பலூன்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த பலூன் சீக்கிரம் சுருங்கியது. வாயு ரப்பரில் கரைந்து போவதே காரணம் என்று 1866-ல் தாமஸ் கிரஹாம் விளக்கினார். சாதாரண பாலித்தீனிலும் அப்படித்தான்: ஆக்சிஜனைவிடக் கரியமில வாயு நான்கு மடங்கு வேகத்தில் கடக்கும். நீராவியோ சுலபத்தில் வெளியேறாது. அதனால்தான் பை வியர்க்கிறது, பூசணம் பிடிக்கிறது. காளான் வளர்ப்பவர்கள் பையில் துளை போடாமல் விடுவதில்லை.

தாளின் தடிமன், பழத்தின் எடை, வெப்பநிலை மூன்றும் பொருந்தினால் இதே குணம் நன்மையாகும். உள்ளே ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்து, பழுப்பது தள்ளிப்போகும். குளிர்ப்பதனக் கிடங்கில் இந்தக் கணக்கு நிற்கும். பஸ் கூரை வெயிலில் நிற்காது. 10 டிகிரி சூடு ஏறினால் பழத்தின் மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். தாள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே சிறு விவசாயிக்கு, பக்கவாட்டில் துளை உள்ள அட்டைப் பெட்டியும் வைக்கோலும் போதும். நிழலில் சூடு ஆறிய பிறகே அடுக்க வேண்டும். தூக்குப் பைகளுக்கு, தடிமன் எதுவானாலும், 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் கதை தலைகீழ். பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால்கோவாவுக்கு மூச்சு கிடையாது. அதன் கொழுப்பில் ஆக்சிஜன் பட்டால் சிக்குவாடை வரும். பூசணம் வளரவும் ஆக்சிஜன் வேண்டும். சாதாரண பாலித்தீனில் ஒட்டிக் கொடுத்தாலும் ஆக்சிஜன் ஊடுருவிக்கொண்டே இருக்கும். அன்றோ மறுநாளோ தின்பதற்கு பட்டர் பேப்பர் தாராளம். நாள்கணக்கில் வைத்து வெளியூருக்கு விற்பவருக்குத்தான் அலுமினியப் பூச்சு உள்ள பல அடுக்குப் பை தேவை. அதிலும் அடைக்கும்போது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாவிட்டால், கொடுத்த காசுக்குப் பலன் பாதிதான்.

வாசனையும் வாயுதான், அதுவும் தாளைக் கடக்கும். பழுத்த மாம்பழத்தோடு ஒரே பெட்டியில் வைத்த பாலித்தீன் பொட்டலப் பால்கோவா, ஊர் போய்ச் சேரும்போது மாம்பழ வாசம் வீசும்.