காற்று ஓய்ந்ததும் கணக்கெடுங்க: ஒக்கி கற்றுத் தந்த பாடம்

2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்துக்காரங்க யாரிடம் கேட்டாலும் அந்த நாளைச் சொல்வாங்க. காலையில் ஆரம்பிச்ச காற்று ஓய்ந்தபோது ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து கிடந்தன. மட்டி, ஏத்தன், செவ்வாழை எதுவும் மிஞ்சாமல் குலையோடு சாய்ந்திருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கும்பப்பூ வயல்களில் தண்ணீர் நின்றது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்ததால் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் சார்ஜ் போடக்கூட வழியில்லை.

ஒக்கி புயல் நிலத்தைக் கடக்கவே இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் கடல் வழியாகத்தான் போனது. 29-ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஒரே நாளில் புயலாக வலுத்து அரபிக்கடலுக்குள் நுழைந்துவிட்டது. ஒதுங்கிப் போன புயலே இவ்வளவு சேதம் செய்ததால், 'நம்ம ஊருக்குப் புயல் வராது' என்ற பேச்சு அன்றோடு முடிஞ்சது.

புயலுக்கு முன் என்ன செய்யணும் என்று நிறைய படிச்சிருப்பீங்க. காற்று ஓய்ந்த பிறகு, மறுநாள் காலையில் என்ன செய்யணும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நிவாரணம், காப்பீடு, மாற்று ஆவணம் என எதைக் கேட்டாலும், நீங்க அன்று எடுத்து வைக்கும் கணக்குதான் துணைக்கு வரும்.

முதலில் உயிர், பிறகு படம்

அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கம் போகாதீங்க. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று நினைச்சு கையால் தள்ளவும் வேண்டாம். மின்னகம் எண் 94987 94987-க்கு அழைச்சு, மின்கம்ப எண்ணோ பக்கத்து அடையாளமோ சொல்லுங்க. வீடு இடிந்தாலோ, வெள்ளத்தில் யாராவது சிக்கினாலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.

கூட்டிப் பெருக்கும் முன்னாடி போனை எடுங்க

உடைந்த ஓட்டை அள்ளிப் போட்டு, விழுந்த மரத்தை அறுத்து வழி விடுவதுதான் முதல் வேலையாகத் தோணும். பத்து நிமிஷம் பொறுங்க. அதிகாரி வந்து பார்க்கும்போது முற்றம் சுத்தமாக இருந்தால், என்ன இருந்தது, எவ்வளவு போனது என்று காட்ட உங்களிடம் ஒண்ணும் இருக்காது.

1. கேமராவில் இருப்பிட வசதியை ஆன் செய்யுங்க. படத்தோடு இடமும் தேதியும் பதிவாகும்.
2. தூரத்திலிருந்து ஒரு படம்: கதவு எண், பக்கத்துக் கோயில், தெரு விளக்கு போல இடத்தைக் காட்டும் அடையாளம் அதில் இருக்கட்டும்.
3. அடுத்து கூரை, சுவர், தரை என ஒவ்வொன்றாக. பிறகு சேதத்துக்கு மிக அருகில் ஒரு படம்.
4. வீட்டைச் சுற்றி நடந்தபடியே, என்னென்ன போச்சு என்று உங்க குரலில் சொல்லி ஒரு வீடியோ.
5. எல்லாவற்றையும் வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்க. நனைந்த போன் திரும்ப உயிர் பெறும் என்று நம்ப முடியாது.

தோட்டமோ வயலோ இருந்தால் சர்வே எண் வாரியாக எழுதுங்க. 'நிறைய வாழை போச்சு' என்றால் கணக்கில் ஏறாது. எத்தனை மூடு, எந்த ரகம், குலை தள்ளியதா இல்லையா என்று எழுதினால் ஏறும். ரப்பர், தென்னை என்றால் மரங்களின் எண்ணிக்கையையும் வயதையும் குறிச்சு, அடிமரம் தெரிகிற மாதிரி படம் எடுங்க. ஆடு மாடு இறந்திருந்தால், புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவருக்குத் தகவல் சொல்லி அவர் சான்று வாங்குங்க. காதில் வில்லை இருந்தால் அதன் எண்ணும் படத்தில் தெரியணும்.

யாரிடம் சொல்வது?

முதல் ஆள் உங்க கிராம நிர்வாக அலுவலர். வீட்டுச் சேதத்தை வருவாய்த் துறை கணக்கெடுக்கும். பயிர்ச் சேதம் என்றால் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து பார்க்கும். அவங்க எல்லா வீட்டுக்கும் வருவாங்க என்று காத்திருக்காமல், உங்க பட்டியலின் ஒரு நகலோடு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கோங்க. பெயர் விடுபட்டால் வட்டாட்சியரிடம் போகலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், முதல்வரின் உதவி மையத்தை 1100-லும் அழைக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒவ்வொரு பேரிடருக்கும் அரசு தனியாக அறிவிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அறிவித்த அளவுகள் ஒரு தெளிவு தரும்:

• உயிரிழப்பு: 5 லட்சம் ரூபாய்
• சேதமடைந்த குடிசை: 8,000 ரூபாய்
• 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெல் உள்ளிட்ட இறவைப் பயிர், ஹெக்டேருக்கு: 17,000 ரூபாய்
• பல்லாண்டுப் பயிர்கள், மரங்கள், ஹெக்டேருக்கு: 22,500 ரூபாய்
• மானாவாரிப் பயிர், ஹெக்டேருக்கு: 8,500 ரூபாய்
• எருது, பசு: 37,500 ரூபாய், ஆடு: 4,000 ரூபாய்

இதில் '33 சதவீதம்' என்பதைக் கவனிங்க. நூறு வாழையில் முப்பது சாய்ந்ததா, நாற்பது சாய்ந்ததா என்பதில்தான் தொகை கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கு. மூடு எண்ணச் சொன்னது அதுக்குத்தான்.

இது நிவாரணம் மட்டுமே. இழந்த முழு மதிப்பும் திரும்ப வராது. அதை ஈடுகட்ட காப்பீடு வேணும். பயிர்க் காப்பீடு செய்தவங்க இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். உதவி எண் 14447. எந்த வகை இழப்புக்கு உண்டு என்பது பயிருக்குப் பயிர் மாறும் என்பதால் பதிவு செய்யும்போதே கேட்டு வைங்க. வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் புயல் சேதத்துக்குப் பணம் வராது, முழுக் காப்பீடு இருக்கணும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம்; எஞ்சின் பழுதானால் இழப்பீடு கேட்பதிலும் சிக்கல் வரும்.

ஆவணம் நனைந்தால்?

பட்டா, சிட்டா நகலை 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' தளத்தில் எடுக்கலாம். ஆதாரைத் திரும்பப் பதிவிறக்கலாம். ரேஷன் கார்டு நகலுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் பேரிடரில் போயிருந்தால், மாற்றுச் சான்றிதழ் கேட்பதற்குத் தேவையான வருவாய்த் துறைச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கடலுக்குப் போனவங்க கணக்கு

ஒக்கியில் கரையில் போனது மரமும் கூரையும். கடலில் போனது ஆட்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, பூத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையை விட்டால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டாங்க. பலர் கொச்சி போன்ற வெளித் துறைமுகங்களிலிருந்து கிளம்புவாங்க. எச்சரிக்கை வந்தபோது செல்போன் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தாங்க.

அப்போது எழுந்த முதல் கேள்வியே, 'எத்தனை பேர் போனாங்க? எந்தப் படகில் யார் யார்?' என்பதுதான். ஒரே இடத்தில் முழுப் பட்டியல் இல்லை. ஊர் ஊராகத் தேவாலயங்களில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கேட்டுத்தான் பெயர்களைத் திரட்டினாங்க. கேரளக் கரையில் மீட்கப்பட்ட உடல்களை டிஎன்ஏ சோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது.

பொதுவாக ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருதும். கணவனை, மகனை இழந்த குடும்பம் அதுவரை எதை வைத்துச் சாப்பிடும்? அதனால்தான் ஒக்கியில் காணாமல் போன மீனவர்களுக்காகத் தனி நடைமுறை வகுத்து, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டது. அதற்கும், இன்னார் இந்தப் படகில் போனார் என்ற தகவல் தேவைப்பட்டது.

உங்க வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறாங்க என்றால் இப்போதே ஒரு தாளில் எழுதுங்க: படகின் பெயர், பதிவு எண், கிளம்பும் துறைமுகம், கிளம்பிய தேதி, உடன் போகும் எல்லார் பெயரும் ஊரும். வெளி மாநிலத் தொழிலாளி இருந்தால் அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும் வேணும். அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டுக் கிளம்பச் சொல்லுங்க. ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

இன்று பத்து நிமிஷம் ஒதுக்குங்க

இந்தக் கட்டுரையை மூடியதும் ஒரு வேலை. வீட்டின் நான்கு பக்கம், கூரை, தோட்டம், மாட்டுத் தொழுவம், படகு, வலை எல்லாவற்றையும் இப்போது நல்ல நிலையில் இருக்கும்போதே படம் எடுத்து வையுங்க. முக்கிய ஆவணங்களை டிஜிலாக்கரில் சேமியுங்க. சேதத்தைக் காட்டும் படத்துக்கு அருகில் வைக்க, முன்பு இருந்ததைக் காட்டும் படமும் வேணும். புயல் வந்த பிறகு அதை எடுக்க முடியாது.