முன்பக்கம் அழகு, பின்பக்கம் உண்மை

அந்நாளில் மளிகைக்கடை பிஸ்கட் பெரிய தகர டின்னில் இருக்கும். கடைக்காரர் நிறுத்து, தாளில் பொட்டலம் கட்டித் தருவார். இன்று பேரங்காடியில் பொட்டலமே நம்மை அழைக்கிறது. பச்சை இலை, கோதுமைக் கதிர், பழத்துண்டு, பாட்டியின் சமையலறை என்று கண்ணைக் கவரும் படங்கள். உள்ளே எவ்வளவு சீனி, உப்பு, கொழுப்பு இருக்கிறது என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வாங்குமுன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

• உட்பொருள் பட்டியல்: எடையில் அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். சீனி முதல் சில இடங்களில் இருந்தால் கவனமாக இருங்கள். குளுக்கோஸ் சிரப், மால்டோஸ், தேன் ஆகியவையும் சீனி வகைகளே.

• ஒரு வேளை அளவு: ஒரு பாக்கெட்டில் இரண்டு வேளைக்கான அளவு இருக்கலாம். முழுவதையும் சாப்பிட்டால், அட்டவணையில் உள்ள எண்களை இரண்டால் பெருக்குங்கள்.

• சோடியம்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. உடனடி நூடல்ஸ், சாஸ், ஊறுகாய் வாங்கும்போது இந்த எண்ணை அவசியம் பாருங்கள்.

பானங்களில் உள்ள எழுத்து

சிங்கப்பூரில் பொட்டலமிடப்பட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேடு குறியீடு நடப்பில் உள்ளது. ‘ஏ’ முதல் ‘டி’ வரை நான்கு தரங்கள். ‘சி’, ‘டி’ தரப் பானங்கள் குறியீட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும். எழுத்துடன் சீனியின் விழுக்காடும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 6 விழுக்காடு சீனியுள்ள 250 மில்லிலிட்டர் பானத்தில் 15 கிராம் சீனி இருக்கும். அது சுமார் 3 தேக்கரண்டி. உங்கள் தேநீரில் 3 கரண்டி சீனி போட்டுக்கொள்வீர்களா?

“சீனி சேர்க்கப்படவில்லை” என்று எழுதியிருந்தாலும் பழச்சாற்றில் இயற்கைச் சீனி உண்டு. முழுப் பழமாகச் சாப்பிடுவது மேல்.

எழுத்து சிறியதாக இருந்தால்

கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்ற அளவு எது என்பதில் ஐயமிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பொட்டலத்தைக் கையோடு கொண்டுசென்று கேளுங்கள்.

அழகான டின்னைத் தூக்கி எறிய வேண்டாம்; பருப்பு போட்டு வைக்கலாம். ஆனால், வாங்கும்போது உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.